வளாகத்தில் ஒரு பழங்குடியினர் நாள்: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை எப்படிச் செய்வது

ஓகஸ்ட் 9 வந்தால் உலகப் பழங்குடி மக்கள் தினம் என்று முகநூலில் நாலு பேர் பதிவு போடுவார்கள், இரண்டு நாளில் அது மறந்துபோகும். இந்த முறை எங்கள் வளாகத்திலும் ஏதாவது செய்வோம் என்று உங்கள் ஒன்றியத்திலோ துறையிலோ யாராவது சொல்லியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அப்படிச் சொன்ன கையோடு வட்ஸ்அப் குழுமத்தில் போஸ்ரருக்கென்று ஒரு படம் வந்து விழும், பெரும்பாலும் தலையில் இறகு வைத்த வட அமெரிக்க முதியவர் ஒருவரின் படம். அதை ஒதுக்கிவைத்துவிட்டு எங்கள் தீவிலேயே இருக்கிற பழங்குடி ஆட்களான வேடர்களிடமிருந்து தொடங்குங்கள். அதிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தம்பானைக்குப் போக முன்னம் வாகரைக்கும் மூதூருக்கும் போக வேண்டும், போய்க் கேட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நான் கீழே எழுதுகிற எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கும்.

யாரைப் பற்றிக் கதைக்கிறோம்

இலங்கையின் வேடர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது மகியங்கனைக்குப் பக்கத்துத் தம்பானையும், தோளில் கோடரி வைத்தபடி நிற்கிற தலைவர் உறுவரிகே வன்னில எத்தோவும்தான். தொலைக்காட்சியில் நாங்கள் கண்டது அவர்களைத்தான். கிழக்குக் கரையில், வாகரைப் பக்கம் குஞ்சங்குளம் போன்ற ஊர்களிலும் மூதூர் கிழக்கில் நல்லூர், பட்டாளிபுரம், சந்தோசபுரம் போன்ற ஊர்களிலும் இருக்கிற கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். களப்பிலும் கடலிலும் மீன் பிடிக்கிறார்கள், காட்டில் தேன் எடுக்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்கிறார்கள், கூலி வேலைக்கும் போகிறார்கள். 2004 ஆழிப்பேரலை அவர்களுடைய கரையிலும் ஏறியது, 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையில் நடந்த சண்டையில் அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். எங்களோடு ஒரே மொழியில் அழுத சனம், ஆனால் எங்களில் எத்தனை பேருக்கு இவர்கள் இருப்பது தெரியும்? இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, நிகழ்வைத் தொடங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் வேறு இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன். (மூதூரிலும் ஒரு நல்லூர் உண்டு. அறிவித்தலில் ஊர்ப் பெயர் போடும்போது மாவட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கந்தசுவாமி கோயிலடி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.)

இன்னொன்றையும் ஏற்பாட்டுக்குழு முதலிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1911 குடித்தொகைக் கணக்கெடுப்பில் வேடர் என்று பதியப்பட்டவர்கள் 5,300க்கு மேல். 1963இல் அந்த எண்ணிக்கை 400. அத்தனை பேரும் செத்துப்போகவில்லை. பெரும்பாலானவர்கள் சிங்களவர் என்றும் தமிழர் என்றும் பதியப்பட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சமூகங்களோடு கலந்தும் போனார்கள். 2012 கணக்கெடுப்பின் இனவாரி அட்டவணையில் அவர்களுக்கென்று ஒரு நிரலே இல்லை. ஆகவே "அழிந்துவரும் இனம்" என்ற தலைப்பை மட்டும் உங்கள் பனரில் போடவேண்டாம். உயிரோடு, பிள்ளை குட்டிகளோடு பஸ் ஏறி வரப்போகிற ஆட்களை வாசலிலேயே அப்படி ஒரு வசனத்தோடு வரவேற்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதலில் போய்க் கேளுங்கள்

திகதி போடுவதற்கு முன்பு, மண்டபம் பதிவு செய்வதற்கு முன்பு, அனுசரணை கேட்டு ஒரு கடிதம்கூட எழுதுவதற்கு முன்பு, ஊருக்குப் போங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, பிறகு கிண்ணியா, மூதூர், வெருகல் தாண்டி வாகரை. கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர், ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். தொலைபேசியில் முடித்துவிடலாமே என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். முடிக்கலாம்தான், ஆனால் தொலைபேசியில் கேட்டால் "சரி தம்பி, வாறம்" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் முகம் தெரியாத பல்கலைக்கழகத்துக்கு மாட்டேன் என்று சொல்வது யாருக்கும் சங்கடம். முற்றத்தில் பாயைப் போட்டு இருந்து, தேத்தண்ணி குடித்து, ஒரு மணித்தியாலம் வேறு கதையெல்லாம் கதைத்த பிறகுதான் எது விருப்பம், எது விருப்பமில்லை என்பது வெளியே வரும்.

மூன்று நாலு பேருக்கு மேல் போகாதீர்கள், அதில் இரண்டு பேராவது பெண்பிள்ளைகளாக இருந்தால் நல்லது, அங்குள்ள அம்மாமார் அப்போதுதான் வாய் திறந்து கதைப்பார்கள். கிழக்கு மாகாணத்து நண்பர் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது, மட்டக்களப்புப் பேச்சும் எங்கள் பேச்சும் சந்திக்கிற இடங்களில் அவர் கைகொடுப்பார். கிராம சேவையாளருக்கும் ஊர்ப் பாடசாலை அதிபருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் அவர்களோடு கதைத்ததை ஊரோடு கதைத்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் யார், சடங்கு செய்கிற கட்டாடியார் யார், பெண்களில் யாருடைய சொல்லுக்கு மதிப்பு, இளம் ஆக்களில் யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று விசாரித்து நாலு வீட்டுக்காவது போக வேண்டும். ஐயா, அம்மா என்று கதையுங்கள். "நீங்கள் வேடரா?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். தங்களை எப்படி அழைக்க வேண்டும், மேடையில் என்ன பெயர் சொல்ல வேண்டும் என்பதை அவர்களே கதையோடு கதையாகச் சொல்வார்கள், வீட்டுக்கு வீடு அது வேறுபடவும் கூடும். பாடசாலையிலும் சந்தையிலும் அந்தப் பெயராலேயே சிறுமைப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள், யாழ்ப்பாணத்திலும் "காட்டான்" என்று பகிடிக்குச் சொல்கிற வழக்கம் இருக்கிறதுதானே, அதனால் பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம்.

அந்த முதல் பயணத்தில் கமராவை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. கையில் ஒரு கொப்பி போதும். கேட்க வேண்டியவற்றில் முக்கியமானது இதுதான்: இப்படி ஒரு நாள் நடந்தால் உங்களுக்கு அதில் என்ன வேண்டும்? சில ஊர்களில் பிள்ளைகளுக்குக் கம்பஸைச் சுற்றிக்காட்டுங்கள் என்பார்கள். சில இடங்களில் காணிப் பத்திரப் பிரச்சினையை யாராவது சட்டம் தெரிந்தவர் கேட்கவேண்டும் என்பார்கள். தேனை நல்ல விலைக்கு விற்க ஒரு இடம் தாருங்கள் என்றும் கேட்கலாம். உங்கள் மனதில் இருந்த நாட்டியம், நாடகம், நெருப்பு மூட்டிப் பாட்டு எதுவும் அதில் இல்லாமல் போகலாம். அப்போது மாற வேண்டியது உங்கள் திட்டம். வேண்டாம், எங்களுக்கு இதில் விருப்பமில்லை என்று ஒரு ஊர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், இரண்டாம் தரம் வற்புறுத்த வேண்டாம்.

திகதி

ஓகஸ்ட் 9ஐ ஐ.நா. பொதுச்சபை 1994இல் அறிவித்தது. பழங்குடி மக்கள் பற்றிய ஐ.நா. செயற்குழு 1982இல் முதன்முதல் கூடியது அந்த நாளில்தான். பொருத்தமான நாள், ஆனால் யாழ்ப்பாணத்தில் பல வருடங்களில் அது நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் வந்து விழும். வீதி மூடியிருக்கும், தங்க இடம் கிடைக்காது, மாணவர்களில் பாதிப் பேர் கோயிலடியில் நிற்பார்கள். விரதகாலம் என்பதால் சாப்பாட்டு விஷயமும் சிக்கல்தான். அதோடு அந்த ஊர்களிலும் கோயில் திருவிழா, சடங்கு என்று அவர்களுக்கே உரிய நாட்கள் உண்டு, மீன்படும் காலம் உண்டு. ஐப்பசி முதல் தை வரை மழையும் வெள்ளமும் வாகரைப் பக்கத்து வீதிகளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே திகதியை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் பரீட்சை அட்டவணையோடு மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு மாதத்தில் வந்தால்தான் என்ன? இன்னொரு நாளும் கைவசம் இருக்கிறது: பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007 செப்டெம்பர் 13இல் நிறைவேறியது, 144 நாடுகள் ஆதரித்து வாக்களித்தன, இலங்கையும் அதில் ஒன்று. சட்டத்துறை மாணவர்களுக்கு அந்த நாள் நல்ல பிடி. ஆதரித்து வாக்களித்த அரசு இங்கே என்ன செய்திருக்கிறது என்று ஒரு கலந்துரையாடலே வைக்கலாம்.

நிகழ்ச்சி நிரலில்தான் எல்லாம் இருக்கிறது

எங்கள் ஊர் விழாக்களின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். விருந்தினரை மாலை போட்டு நாதஸ்வரத்தோடு அழைத்துவருவது, மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பிரதம விருந்தினர் உரை, அதற்கிடையில் பொன்னாடை. ஒன்பது மணிக்கென்று போட்டது ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கி, பன்னிரண்டரைக்குத்தான் மேடை காலியாகும். நான் போயிருந்த ஒரு நிகழ்வில் இதே ஒழுங்கில்தான் எல்லாம் நடந்தது. ஊரிலிருந்து வந்த பெரியவர் முன் வரிசையின் கரைக் கதிரையில், தோளில் இருந்த புதுச் சால்வையை ஒரு கையால் பிடித்தபடி, மின்விசிறிக் காற்றில் அது விழுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே மூன்று மணித்தியாலம் இருந்தார். அவருக்கு ஒலிவாங்கி கிடைத்தபோது பின்வரிசைப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு எழும்பத் தொடங்கிவிட்டார்கள், அறிவிப்பாளர் வேறு "சுருக்கமாக" என்று காதுக்குள் சொன்னார். அவர் சொல்ல வந்தது முழுவதையும் வெளியே மர நிழலில் நின்று எங்கள் மூன்று பேருக்குச் சொன்னார், அதில் ஒரு பங்கைக் கேட்டிருந்தாலும் அந்த மண்டபம் அவரை விட்டிருக்காது.

அதனால் நிரலைத் தலைகீழாக்குங்கள். விளக்கை முதலில் ஏற்றுவது ஊரிலிருந்து வந்தவர், துணைவேந்தரும் பீடாதிபதியும் அவருக்குப் பிறகு. வரவேற்புரை ஐந்து நிமிடம், அதன்பின் உடனே அவர்கள் பேச்சு, நேரக்கட்டுப்பாடு இல்லாமல். அதிகாரிகளின் உரைகளை வேண்டுமானால் பிற்பகலுக்குப் போடுங்கள், அல்லது மலரில் அச்சடித்துக் கொடுங்கள். கொஞ்சம் முகச்சுளிப்பு வரும், அதை முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிச் சமாளிக்க வேண்டும், நிகழ்வன்று காலையில் சொன்னால் சரிவராது. பீடாதிபதிகளிடம் நேரே போய், இது அவர்களுடைய நாள் சேர், நாங்கள் எல்லோரும் கேட்கிற ஆட்களாக இருப்போம் என்று மரியாதையோடு சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மேடைப் பேச்சு எல்லோருக்கும் ஒத்துவராது. கைலாசபதி கலையரங்கு மாதிரிப் பெரிய மண்டபத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினால் வாய் கட்டிப்போகிறவர், மரத்துக்குக் கீழ் வட்டமாக இருந்தால் இரண்டு மணித்தியாலம் கதைப்பார். வளாகத்துக்குள் நிழலுக்குக் குறைவில்லை. முப்பது முப்பது பேராகப் பிரிந்து பாயில் இருந்து கேட்கிற மாதிரி ஒன்றை ஒழுங்குபண்ணினால், தேன் எடுப்பது எப்படி, களப்பில் எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும், சின்ன வயதில் எந்தக் காட்டுக்குள் போனோம், இப்போது ஏன் போக முடியவில்லை என்று கதை தானாக ஓடும். சிங்கள மாணவர்களும் கணிசமாக இருக்கிற வளாகம் இது, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாக மொழிபெயர்க்க இரண்டு பேரைப் போடுங்கள். தம்பானையிலிருந்தும் ஆட்கள் வருவதானால் மறுபக்கம் தமிழுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். கிழக்கிலிருந்தும் தம்பானையிலிருந்தும் வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆறுதலாகக் கதைக்க ஒரு பின்னேரத்தை வெறுமனே விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் யாரும் தலைகாட்டத் தேவையில்லை.

இலை உடை வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வேடர் என்றால் கண்ணப்ப நாயனார் நாடகமும் வள்ளி திருமணமும்தான் நினைவு வரும். உடம்பில் கரி பூசி, இடுப்பில் குழை கட்டி, "ஊய்" என்று கத்திக்கொண்டு மேடைக்கு ஓடிவருகிற வேடர் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து கோயில் வீதியிலும் பாடசாலையிலும் பார்த்திருக்கிறோம். கண்ணப்பரிலும் வள்ளியிலும் எங்களுக்கு இருக்கிற பக்தி உண்மையானது, அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சாரமும் சேட்டும் போட்டு, கையில் தொலைபேசியோடு வந்திருக்கிற ஒரு மனிதருக்கு முன்னால், நீ இப்படித்தான் இருந்தாய் என்று கரி பூசிக் காட்டுவது அவருடைய முகத்தில் அடிப்பது போன்றது. நாடகம் போடத்தான் வேண்டும் என்றால் ஊர் இளைஞர்களோடு சேர்ந்து எழுதுங்கள், கதை அவர்களுடையதாக இருக்கட்டும், அவர்கள் போடுகிற உடுப்பைத்தான் மேடையிலும் போடட்டும். மருதனார்மடத்தில் இசையும் நடனமும் படிக்கிற பிள்ளைகள் இதற்கு நல்ல துணை, ஆனால் அவர்கள் முதலில் போய்க் கேட்டுப் பழக வேண்டும், நாட்டார் பாடலை மெருகேற்றுகிறோம் என்று அதைப் பரதநாட்டிய உருப்படி ஆக்கிவிடக் கூடாது.

சடங்கை மேடையேற்றும்படி கேட்கவே கேட்காதீர்கள். முன்னோரையும் தெய்வங்களையும் அழைத்து, உரு வந்து ஆடி வாக்குச் சொல்கிற சடங்கு அது, நேரமும் இடமும் நோன்பும் பார்த்துச் செய்வது. எங்கள் வளாகத்துக்குள் இருக்கிற பரமேஸ்வரன் ஆலயத்துத் தீபாராதனையை வேறு ஊர் மண்டபத்தில் பதினைந்து நிமிடத்துக்குச் செய்து காட்டச் சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும்? அவர்களாகவே ஒரு பாட்டையோ ஒரு பகுதியையோ செய்து காட்ட விரும்பினால் அது வேறு. அப்போதும் ஒளிப்பதிவு செய்யலாமா, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், முகநூல் நேரலை போகலாமா என்று முதல் நாளே கேட்டு, அவர்கள் சொன்னதை ஒலிவாங்கியில் எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள்.

கண்காட்சி வைப்பதானால்

பதாகைகளில் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாழ்ப்பாணத்து மண்ணிலிருந்தே தொடங்குங்கள், பார்க்க வருகிறவர்களுக்கு அது கிட்டவாகத் தெரியும். வேலணையில் அண்மையில் ஆராயப்பட்ட ஒரு சிப்பி மேடு, அதாவது அந்தக் காலத்து ஆட்கள் தின்றுபோட்ட சிப்பிகள் குவிந்த இடம், 3,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அங்கே கிடைத்த குவார்ட்ஸ் கற்கருவிகளுக்கு வேண்டிய கல் அந்தத் தீவில் கிடையாது, பெருநிலப்பரப்பிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்துக்குக் கிட்ட இருக்கிற இரணைமடுவின் பெயரால்தான் இலங்கைத் தொல்லியலில் ஒரு மண்படிவே அழைக்கப்படுகிறது, அதற்குள் கற்கருவிகள் கிடைப்பதால். பொறியியல், விவசாயபீடப் பிள்ளைகள் தினமும் தாண்டிப் போகிற இடம். களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் கிடைத்த எலும்பு அம்புமுனைகள் சுமார் 48,000 ஆண்டுகள் பழையவை என்று 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில் அம்பு பாவித்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. இவற்றையெல்லாம் வையுங்கள், ஆனால் அந்தக் கல்லிலிருந்து இன்றைய குஞ்சங்குளத்துக்கு நேர்கோடு போட்டு "கற்கால மனிதர்" என்று எழுதிவிட வேண்டாம். இன்றைய ஆட்கள் இன்றைய ஆட்கள்தான்.

அடுத்ததாக, இவர்களை அளந்தவர்களின் கதையையும் சொல்லியாக வேண்டும். பிரித்தானிய மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் கிழக்குக் கரை வேடருக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது, சடங்குகள் பற்றி நுணுக்கமான குறிப்புகள் உண்டு, நூலகத்தில் தேடிப் படியுங்கள். ஆனால் "கலப்பில்லாதவர்", "கலந்தவர்" என்று ஆட்களைத் தரம் பிரிக்கிற அந்தக் காலத்துப் பார்வையும் அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ் பேசுகிறவர் உண்மையான வேடர் இல்லை என்று இன்றைக்கும் சிலர் நினைப்பதற்கு அந்தப் பார்வைதான் வேர், அதை உங்கள் பதாகைக்குள் கொண்டுவர வேண்டாம். எடின்பரோ பல்கலைக்கழகம் வேடர் முன்னோரின் ஒன்பது மண்டையோடுகளைப் பல தலைமுறையாகத் தன் சேகரிப்பில் வைத்திருந்து 2019 நவம்பரில் வன்னில எத்தோவிடம் கையளித்தது. இதை ஒரு பதாகையாகவே வையுங்கள், பல்கலைக்கழகம் என்ற இடம் இந்த மக்களிடமிருந்து என்னென்ன எடுத்துப் போனது என்பதைப் பல்கலைக்கழகத்துக்குள் நின்றே படிக்க வேண்டும்.

பிறகு காணியின் கதை. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம், 1970களின் கடைசியில் வேகமெடுத்த மகாவலித் திட்டம், 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா. ஒவ்வொன்றும் வேடர் வேட்டையாடிய, தேன் எடுத்த காட்டின் ஒரு துண்டை எடுத்தது. பூங்காவுக்குள் போனால் சொந்தக் காட்டிலேயே குற்றவாளி. இதற்கு ஒரு பெரிய வரைபடம் போதும், பந்தி பந்தியாக எழுத வேண்டாம். வேடர் விஜயனுக்கும் குவேனிக்கும் பிறந்த பிள்ளைகளின் வழிவந்தவர்கள் என்ற கதையை யாராவது கொண்டுவந்தால் அதை மகாவம்சத்துக் கதை என்று சொல்லியே வையுங்கள், வரலாற்றுப் பதாகைக்குள் கலக்காதீர்கள். எழுதிய எல்லாவற்றையும் அச்சுக்குப் போக முன்னம் ஊரில் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும், வாசித்துக் காட்டும்போது ஏதாவது ஒரு வரியையாவது கட்டாயம் திருத்துவார்கள்.

காசு, படுக்கை, சாப்பாடு

கூலிக்குப் போகிற ஒருவர் மூன்று நாள் உங்களோடு செலவழித்தால் மூன்று நாள் வருமானம் இல்லை. பயணச் செலவு, நாட்கூலி, பேச்சுக்கும் பாட்டுக்கும் உரிய கொடுப்பனவு மூன்றையும் வேறு வேறாகக் கணக்கில் போடுங்கள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவருக்கு என்ன கொடுப்பீர்களோ அதற்குக் குறையாமல் கொடுங்கள், அறிவைத்தான் அவரும் கொண்டுவருகிறார். பல்கலைக்கழகக் கொடுப்பனவு என்றால் படிவம், வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டைப் பிரதி, பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு. அதனால் சிரேஷ்ட பொருளாளரோடு முன்பே கதைத்து முற்பணம் எடுத்து, அவர்கள் வண்டியில் ஏற முன்னம் கையில் காசைக் கொடுங்கள். கடித உறைக்குள் வைத்து, தனியாக, படம் எடுக்காமல்.

ஹையேஸ் வான் ஒன்றைப் பேசி அனுப்பினால் வயதானவர்களுக்கு வசதி, வழியில் திருகோணமலையிலோ வவுனியாவிலோ நிறுத்திச் சாப்பிட வேண்டும், அந்தச் செலவும் உங்களுடையது. வந்த அன்றே நிகழ்வு வைக்காதீர்கள். ஒரே வீட்டில் அல்லது ஒரே விடுதியில் எல்லோரும் சேர்ந்து தங்குகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள், ஆளுக்கொரு அறை கொடுத்துப் பிரித்துவிட்டால் வயதானவர்களுக்கு நித்திரை வராது. சாப்பாட்டுக்கு என்ன பழக்கம் என்று கேட்டுச் சமையுங்கள், சோறும் மீன் குழம்பும் போதும் என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். காட்டு இறைச்சி பற்றிப் பகிடிக்குக்கூட யாரும் கதைக்க வேண்டாம். சட்டப்படி குற்றமான விஷயம், அவர்களுக்கு அதில் பொலிஸ் தொல்லையும் இருந்திருக்கும்.

தேன், பாய், கருவாடு என்று விற்கக் கொண்டுவந்தால் கன்ரீனுக்குப் பக்கத்தில் ஆட்கள் நடமாடுகிற இடத்தில் மேசை போடுங்கள், மூலைக்குத் தள்ளிவிடாதீர்கள். விலையை அவர்கள் சொல்லட்டும். யாழ்ப்பாணத்து ஆட்கள் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர், மேசையில் ஒரு மாணவரை நிறுத்தி "விலை இதுதான் அன்ரி" என்று சொல்லவையுங்கள்.

கேள்வி நேரம்

யாழ்ப்பாணத்தில் எந்தக் கூட்டத்திலும் கடைசியில் ஒருவர் எழும்பி நீண்ட கேள்வி ஒன்று கேட்பார், இதில் அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும்: "இந்தத் தீவின் பூர்வீகக் குடிகள் தமிழர்தானே, அப்படியென்றால் இவர்கள் யார்?" அல்லது அதைவிட மோசமாக, மேடையில் இருக்கிற முதியவரைப் பார்த்து, "நீங்கள் உங்களைத் தமிழர் என்று சொல்வீர்களா, வேடர் என்று சொல்வீர்களா?" இந்த மண்ணில் எங்கள் இருப்பும் உரிமையும் எங்களுக்கு உயிர் மாதிரி, அதற்காகக் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வழக்கைத் தீர்க்கிற சாட்சியாக விருந்தினரை மேடையில் நிறுத்தக் கூடாது. தமிழ் தங்கள் மொழி என்றும் தாங்கள் வேடர் என்றும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற மனிதர்கள் இருக்கிறார்கள், யாரும் அதில் ஒன்றைப் பிடுங்கத் தேவையில்லை. தலைமை தாங்குகிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்து, "ஐயா, அது இன்னொரு நாளைக்குரிய விவாதம், இன்றைக்கு அவர்கள் சொல்வதைக் கேட்போம்" என்று மரியாதையாக, ஆனால் தயங்காமல் நிறுத்த வேண்டும். கேள்விகளைத் துண்டில் எழுதி வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

முடிந்த பிறகு

எடுத்த படம், ஒலிப்பதிவு எல்லாவற்றிலும் ஒரு பிரதி ஒரு மாதத்துக்குள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், இணைப்பாக அனுப்பினால் போதாது, பென் டிரைவில் போட்டு ஊர்ப் பாடசாலைக்கும் அச்சடித்த படங்களாக வீடுகளுக்கும். வயதானவர்களுக்குத் தங்கள் படம் கையில் வேண்டும். பல்கலைக்கழக நூலகத்திலோ நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலோ ஒலிப்பதிவுகளை வைக்க நினைத்தால் அதற்கு வேறாகச் சம்மதம் கேளுங்கள், மேடையில் பேசச் சம்மதித்தது எப்போதைக்குமான சம்மதம் ஆகாது. யாராவது இதை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதுவதானால் கதை சொன்னவரின் பெயர், அவர் விரும்பினால், கட்டுரையில் வர வேண்டும்.

சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஒரு குழு போய்த் தங்கினால் அது எந்த விழாவையும்விடப் பெரிய காரியம். கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கிட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து செய்தால் ஒவ்வொரு மாதமும் யாராவது போகலாம். ஊர்ப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு நாள் இங்கே கூட்டிவந்து ஆய்வுகூடம், நூலகம், விடுதி எல்லாம் காட்டுங்கள், காட்டுகிறவர் கிழக்கிலிருந்து வந்து இங்கே படிக்கிற ஒரு அக்காவாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்பார்கள்.

கடைசியாக, மாணவர் அமைப்புகளில் எல்லாம் நடக்கிற ஒன்று: குழு ஒவ்வொரு வருடமும் மாறும், தொடர்பு அறுந்துபோகும், மூன்றாம் வருடம் வேறொரு குழு போய் அதே முற்றத்தில் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கும். இதைத் தவிர்க்க ஒரு கோவை வையுங்கள். யாரோடு கதைத்தோம், என்ன கேட்டார்கள், என்ன வாக்குக் கொடுத்தோம், அதில் எது செய்யவில்லை, எந்தப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டாம் என்றார்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தொலைபேசி இலக்கங்களை உரியவர்களின் அனுமதியோடு மட்டும் எழுதுங்கள். புதிய குழு தெரிவானதும் பழைய குழுவில் இரண்டு பேர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு தரம் ஊருக்குப் போய், "இனி இவையள்தான் வருவினம்" என்று அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள், கோவையையும் அங்கே வைத்தே கைமாற்றுங்கள்.